மூன்று பல் ரிப்பர்

கருங்கல் சந்தையில் மீன் வாங்கிவிட்டுத் திரும்பும்போதுதான் தேவகனி அந்த ரிப்பரை முதலில் பார்த்தாள். ஜங்ஷனில் பஸ் நின்றுவிட்டது. எதிரே ஒரு டிரெய்லர் திரும்ப இடமில்லாமல் முக்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு ஹிட்டாச்சி. எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும், செயின் மேல் ஓடி மண் தோண்டுகிற வண்டிக்கு ஊரில் ஹிட்டாச்சி என்றுதான் பெயர். அதன் கையில் பக்கெட்டைக் காணோம். அந்த இடத்தில் மூன்று பல் வைத்த இரும்பு ஒன்று தொங்கியது. ஒவ்வொரு பல்லும் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். புது மஞ்சள் பெயின்ட். நடுப் பல்லில் செவ்வந்தி மாலை. வண்டியின் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ‘முத்துக்கனி’ என்று எழுதியிருந்தது.

முத்துக்கனி அவளுடைய தங்கை.

“உனக்க தங்கச்சி மாப்பிளக்க வண்டியில்லா? கொள்ளாமே,” என்று மெச்சினாள் பக்கத்து சீட்டுக்காரி.

“ஆமா,” என்றாள் தேவகனி. மடியில் இருந்த சாளை மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டி சேலை நனைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. டிரெய்லர் திரும்பி மறையும்வரை அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கள் வண்டியின் கண்ணாடியில் ஒரு வேத வசனம் ஒட்டியிருந்தது, அதுவும் பாதி உரிந்துபோய். அவள் பேரை எழுதவேண்டும் என்று அவள் புருஷன் ஞானையனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தப் பக்கத்தில் முதலில் ஹிட்டாச்சி வாங்கியது ஞானையன்தான். டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தவன், 2006-ல் இருபது டன் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, தானே ஓட்டப் படித்தான். வேலை பேசுவது, டீசலுக்கு ஆள் அனுப்புவது, கிரீஸ் தீர்ந்ததா, பக்கெட் பல் தேய்ந்ததா என்று பார்ப்பது எல்லாம் தேவகனி. முத்துக்கனியின் மாப்பிள்ளை ராஜமணி அப்போது மஸ்கட்டில் இருந்தான். ஊருக்குத் திரும்பியவன் ஆறு மாதம் ஞானையனோடு சுற்றினான். பிறகு அதே இருபது டன்னில் ஒரு வண்டி வாங்கினான். அது புது வண்டி.

இப்போது 2012 ஜனவரி. ராஜமணி ரிப்பரும் போட்டுவிட்டான்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்கு ரிப்பரின் அருமை தெரியும். மேலே ஒரு முழம் செம்மண். அதற்குக் கீழே வெட்டுகல் என்கிற செம்பாறை. மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கொஞ்சம் இளகும். மாசி, பங்குனி வெயிலில் இரும்பாகிவிடும். பக்கெட் பல் அதில் வழுக்கும். சுற்றிலும் வீடுகள் இருப்பதால் வெடி வைக்க விடமாட்டார்கள். பிரேக்கர் வைத்து இடித்தால் நாலாவது வீட்டுச் சுவர்வரை கீறல் விழுந்துவிட்டதென்று சண்டைக்கு வருவார்கள். ரிப்பர் அப்படியில்லை. பாறையின் விளிம்பில் பல்லை இறக்கி, வண்டி தன்பக்கம் இழுத்தால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும்.

அன்று மத்தியானம் ஞானையன் சாப்பிட வந்தான். முதுகுவலிக்காரன். கொஞ்ச நேரம் வெறும் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்துவிட்டுத்தான் எழுந்து உட்காருவான். தேவகனி அவித்த மரச்சீனிக் கிழங்கையும் சாளைக் கறியையும் கொண்டுவந்து வைத்தாள்.

“ராஜமணி ரிப்பர் போட்டாச்சு,” என்றாள்.

“கேட்டேன்.”

“மூணு பல்லு.”

“அதுவும் கேட்டேன். கோயம்புத்தூர்லேந்து வந்ததாம்.”

“நாமளும் போடணும்.”

“போடத்தான் வேணும். பகவதியப்பன் அண்ணாச்சி திற்பரப்பு ரோட்டுல லாட்ஜ் கெட்டுக்கு எடம் நெரத்தணும்ணு சொல்லுதாரு. மூணு மாசத்து சோலி. ரிப்பர் இருந்தா வா, இல்லண்ணா ராஜமணிய விளிப்பேன்னு சொல்லியாச்சு.” கிழங்கைப் பிட்டு கறியில் முக்கினான். “நமக்கு ஒத்தப் பல்லு மதி, அது போரும், கேட்டியா. வெட்டுகல்லுக்கு அதுதான் செரியா வரும்.”

“அவளுக்கு மூணு, எனக்கு ஒண்ணா?”

ஞானையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “உனக்கா? வண்டிக்குத்தான் ஏட்டி.”

தேவகனி எழுந்தாள். கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் இன்னொரு துண்டு மீன் கேட்டபோதும் வெளியே வரவில்லை.

பிப்ரவரி முழுக்க அவளுக்கு அதே நினைப்பாக இருந்தது. சர்ச்சில், ரேஷன் கடையில், பால் சொசைட்டியில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் ராஜமணியின் ரிப்பரைப் பற்றிப் பேசுவதாகப் பட்டது. அவள் பிளஸ் டூ படித்தவள். முத்துக்கனி எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவளுக்கு ரோட்டோர வீடு, மஸ்கட் மாப்பிள்ளை, புது வண்டி, கண்ணாடியில் பேர். இப்போது மூன்று பல். எண்ணிப்பார்க்கப் பார்க்க தேவகனிக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்து வைத்ததுபோலிருந்தது.

மார்ச்சில், மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்கு ஸ்பெஷல் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள், தங்கைக்குப் போன் போட்டாள். வேறு எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில்தான் கேட்டாள்.

“முத்து, உங்க ரிப்பர் கொள்ளாமா?”

அந்தப் பக்கம் முத்துக்கனி சிரித்தாள்.

“அத ஏன் கேக்குத அக்கா! வெட்டுகல்லு பப்படம் மாதிரில்லா நொறுங்குது.”

மறுவாரம் தேவகனியும் ஞானையனும் நாகர்கோவிலில் ஒழுகினசேரிப் பக்கம் இருந்த ஜெபமணியின் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். ஜெபமணி முப்பத்தைந்து வயதுக்காரன். பக்கெட், ரிப்பர், குயிக் கப்ளர் என்று வண்டிக் கையில் மாட்டுவது எல்லாம் தானே அடிப்பவன். வாசலில் செய்து முடித்த ரிப்பர்கள் நாலைந்து சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவன் ஞானையனிடம் வண்டியின் கையில் பூட்டும் ‘பின்’ என்ற ஆணியின் அளவு, அது நுழையும் காதுகளுக்கு நடுவே உள்ள அகலம் எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒற்றைப் பல் ரிப்பர் ஒன்றைக் காலால் தட்டிக் காட்டினான்.

“எண்பது எம்எம் பின். உங்க வண்டிக்கு இது பாகமா இருக்கும் அண்ணே. முனை தேஞ்சா முனைய மட்டும் மாத்திக்கிடலாம். நீளமும் இதுக்கு மேல வேண்டாம். நீளம் கூடினா இழுவ கொறயும், வண்டிக்க கைக்குப் பாரம்.”

“மூணு பல்லு அடிப்பியளா?” என்று தேவகனி கேட்டாள்.

“அடிப்பேன் அக்கா. ஆனா அது முப்பது டன்னுக்கு மேல உள்ள வண்டிக்கு. இல்லண்ணா எளகின மண்ணுக்கு. உங்க வண்டிக்க பலம் எத்தறயோ, அத்தறதான் இருக்கும். ஒரு பல்லுண்ணா மொத்த பலமும் அந்த முனையில எறங்கும். மூணுண்ணா மூணாப் பிரியும். கல்லுல கேறாது. போராத்ததுக்கு, ஓரத்துப் பல்லு மட்டும் எங்கயாவது மாட்டினா கைய முறுக்கிப் போடும். தாங்காது.”

“எனக்க தங்கச்சிக்க வண்டியும் இருபது டன்னுதான். அது தாங்குதே?”

ஜெபமணி வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான். “அது எனக்கு… நான் அடிச்சதில்ல அக்கா அது,” என்றான்.

“அவங்க வண்டி தாங்கும், எங்க வண்டி தாங்காது. பழைய வண்டிண்ணுதானே?”

“அப்படிச் சொல்லேல்ல…”

“மூணு பல்லு வேணும்.”

ஞானையன் பட்டறைக்கு வெளியே போய் நின்றான். ஜெபமணி பின்னாலேயே போனான். “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க,” என்றான்.

“ரெண்டு மாசமா எனக்க வீட்டுல ஒரு வாய் சோறு நிம்மதியா எறங்கேல்ல தம்பி,” என்றான் ஞானையன். “அடிச்சுக் குடு. அவளுக்க மனசு ஆறட்டும்.”

ஏப்ரல் முதல் வாரம் திற்பரப்பு ரோட்டில் வேலை தொடங்கியது. ரப்பர் மரங்களை வெட்டி எடுத்த ஒரு சரிவு. வெயில் ஏறியதும் வெட்டுகல் அடுப்புக்கல் போலச் சுட்டது. பகவதியப்பன் குடை பிடித்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் நின்றார். அறுபது வயதுக்காரர், வேலை நடக்கும் இடத்தை விட்டு அசையமாட்டார். தேவகனியும் பார்க்க வந்திருந்தாள். தங்கள் ரிப்பரில் மஞ்சளுக்குப் பதில் சிவப்புப் பெயின்ட் அடித்து, அதற்கும் மாலை போட்டிருந்தாள்.

ஞானையன் பல்லை இறக்கி இழுத்தான். மூன்று பல்லும் பாறையின் மேல் மூன்று வெள்ளைக் கோடுகளைப் போட்டுக்கொண்டு வழுக்கி வந்தன. அழுத்தி இறக்கினான். பல் இறங்கவில்லை, வண்டியின் முன்பக்கம்தான் தரையைவிட்டு எழும்பியது. திரும்ப இழுத்தான். கோழி சீய்த்ததுபோல் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

“என்னவே ஞானையா, கோலம் போடுதீரா?” என்றார் பகவதியப்பன்.

தேவகனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றும் மறுநாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் ஞானையன் பொறுமையிழந்தான். பகவதியப்பன் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்ற நாணக்கேடு வேறு. வண்டியின் கையை உயர்த்தி ரிப்பரைப் பாறையில் குத்தினான். ஒருநாளும் அப்படிச் செய்பவனல்ல. ஓரத்துப் பல் ஒரு வெடிப்பில் சிக்கியது. இழுத்தான். மற்ற இரண்டு பல்லும் காற்றில் நிற்க, வண்டியின் கை ஒரு பக்கமாக முறுகியது. டப்பென்று ஒரு சத்தம். ரோட்டில் போன ஆட்டோக்காரன்கூட நிறுத்திப் பார்த்தான். கையில், பின் மாட்டும் இடத்துக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

ஞானையன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தான். நிழலில் போய் மல்லாந்து கிடந்தான். அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பகவதியப்பன் ராஜமணிக்குப் போன் போட்டார். “வண்டிக்கு வேற சோலி இருக்காம்,” என்று தேவகனியிடம் சொன்னார். “ஒரு மாசமா எப்ப விளிச்சாலும் இதையே சொல்லுதான். நான் பிரேக்கர்காரனத்தான் விளிக்கணும்போல.”

மத்தியானத்துக்கு மேல் ஜெபமணி வெல்டிங் செட்டோடு வந்தான். வெடிப்பைப் பார்த்தான். “அதே எடம்,” என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டான்.

“எதுக்க அதே எடம்?” என்றாள் தேவகனி.

அவன் தலையைச் சொறிந்தான். அவள் விடவில்லை.

“உங்க தங்கச்சி மாப்பிளக்க வண்டியும் இதே எடத்துலதான் அக்கா வெடிச்சுது. பிப்ரவரி கடைசியில. நான்தான் வெல்டு வச்சேன். அக்காட்ட மட்டும் சொல்லப்பிடாதுண்ணு உங்க தங்கச்சி பைபிள் மேல சத்தியம் வாங்கினாங்க. நான் உங்ககிட்ட தாங்காது தாங்காதுண்ணு சொன்னேன். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?”

தேவகனி அடுத்த பஸ்சில் ஏறினாள்.

முத்துக்கனியின் வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் வண்டி நின்றது. கையில் பழைய பக்கெட். சற்றுத் தள்ளி தார்ப்பாய் மூடி என்னவோ கிடந்தது. தேவகனி தார்ப்பாயை விலக்கினாள். மஞ்சள் பெயின்ட் அடித்த மூன்று பல். ஒரு பல் கோணியிருந்தது.

முத்துக்கனி பலாச் சக்கை அரிந்த கையோடு, விரலெல்லாம் பசையாக, புறவாசலில் வந்து நின்றாள்.

“எத்தற நாளா இது இஞ்ச கெடக்கு?”

“ஒண்ணர மாசமா.”

“நான் உன்ன விளிச்சப்போ?”

“அப்பவும் இஞ்சதான் கெடந்துது.”

“பப்படம்ணு சொன்னியே ஏட்டி!”

“சொன்னேன்.” முத்துக்கனி கையிலிருந்த பசையை உருட்டினாள். “நீ கேட்ட சத்தம் அப்பிடி இருந்துது. ‘கொள்ளாமா’ண்ணு நீ கேட்டப்போ உனக்கு வயிறு எரியுதுண்ணு எனக்குத் தெரிஞ்சுது. நாப்பது வருசத்துல உனக்கு என்னப் பாத்து ஒரு நாளு கண்ணுகடி வந்திருக்கா? எனக்கு அது பாயசம் குடிச்சது மாதிரி இருந்துது. வண்டி ஒடஞ்ச கத சொல்லி அதக் கெடுக்க மனசு வரேல்ல.”

“எனக்கா கண்ணுகடி வந்ததில்ல? எப்பவும் நீதானே… உனக்குத்தானே எல்லாம் கெடச்சுது!”

“எனக்கு என்ன கெடச்சுது? நீ தாவணி உடுத்துக்கிட்டு பிளஸ் டூவுக்குப் போவும்போ நான் முந்திரிக்கொட்ட ஒடைக்க அண்டி ஆபீசுக்குப் போனேன். பதினாலு வயசு. முக்கு வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடப்போம். பெறவு நீ எடத்தால திரும்புவ, நான் வலத்தால திரும்புவேன். அண்டி ஒடச்சு அந்த எண்ணெ பட்டு கையெல்லாம் தோலு உரிஞ்சு கெடக்கும். எனக்க கையப் புடிச்சு ஒரு நாளு பாத்தியா நீ?”

“அது அப்பாவுக்கு ரெண்டு பேரயும் படிக்க வைக்க முடியாதுண்ணு…”

“நான் அப்பாவக் கேக்கேல்ல. உன்னக் கேக்கேன்.”

தேவகனி கோணிய பல்லின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள். “அதுக்கு எனக்க மாப்பிளக்க வண்டி ஒடியணுமா?” என்றாள்.

“ஒடியணும்ணு நெனைக்கேல்ல அக்கா. எங்களுக்கு வந்த நாணக்கேடு உங்களுக்கும் ஒரு தடவ வரட்டும்ணு நெனச்சேன். அது உள்ளது. பொய் சொல்ல மாட்டேன்.”

முத்துக்கனி பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்தாள். தேவகனி குடிக்காமல் இறங்கி நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. தன் வண்டி முதலில் உடைந்து, முத்துக்கனி போன் போட்டுக் கேட்டிருந்தால், தான் என்ன சொல்லியிருப்பாள்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பப்படம் என்ற சொல்கூட அப்படியே வந்திருக்கும்.

ஜெபமணி வெடிப்பின் இரண்டு பக்கமும் பிளேட் வைத்து வெல்டு அடித்தான். மூன்று பல்லை எடுத்துக்கொண்டு அன்று காலால் தட்டிக் காட்டிய அதே ஒற்றைப் பல்லைக் கொடுத்தான். இந்த முறை தேவகனி பட்டறைப் பக்கமே போகவில்லை. இடையில் வந்த பிரேக்கர்காரனை, சுவர் கீறிவிட்டதென்று அக்கம்பக்கத்தார் வந்து நாலாம் நாள் நிறுத்திவிட்டார்கள். பகவதியப்பன் வேறு வழியில்லாமல் ஞானையனைக் கூப்பிட்டார்.

ஞானையன் சரிவின் விளிம்பிலிருந்து தொடங்கினான். ஒற்றைப் பல் பாறையில் பட்டு ஒரு நொடி நின்றது. பிறகு பைய உள்ளே இறங்கியது. அவன் இழுக்க, கட்டில் அகலத்துக்கு ஒரு பாளம் மூச்சுவிடுவதுபோல் எழும்பிப் பெயர்ந்தது. உள்ளே புதுச் சிவப்பும் மஞ்சளுமாக வெட்டுகல் பளபளத்தது.

“இத மொதல்லயே செய்யப்பிடாதா வே?” என்றார் பகவதியப்பன்.

ஞானையன் தேவகனியைப் பார்த்துச் சிரித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

மே மாதம் முத்துக்கனியே போன் போட்டாள். நலம் விசாரிக்கவில்லை. “நீங்க இப்ப போட்டிருக்க ரிப்பருக்க அளவு சொல்லு,” என்றாள்.

தேவகனி உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒற்றைப் பல், எண்பது எம்எம் பின், நீளம் இவ்வளவு, ஜெபமணி பட்டறை. முத்துக்கனி, “செரி,” என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஜெபமணி கூப்பிட்டான். “அக்கா, உங்க தங்கச்சி இஞ்ச வந்து ரெண்டு பல்லு வேணும்ணு நிக்காங்க. ராஜமணி அண்ணன் ஒண்ணு மதிங்காரு. இவங்க கேக்க மாட்டேங்காங்க. ‘அக்கா ஒண்ணுண்ணு சொன்னா அதுல ஏதோ சூது இருக்கு. நான் அவளுக்குச் செய்தத அவ எனக்குச் செய்யுதா’ண்ணு சொல்லுதாங்க. நீங்க ஒரு வார்த்த பேசுங்க.”

“அவட்ட குடு,” என்றாள் தேவகனி.

போன் கை மாறியது. முத்துக்கனியின் மூச்சு கேட்டது. ‘நான் சொன்னது சத்தியம்’ என்று சொன்னால் இவள் நம்பமாட்டாள். பைபிளைத் தொட்டுச் சொன்னாலும் நம்பமாட்டாள். தேவகனி கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலை உயர்த்தினாள்.

“ஏட்டி முத்து, நீ ரெண்டு பல்லே வாங்கு. ஒத்தப் பல்ல வாங்கிட்டு எங்க சோலிக்குள்ள வந்து விழாத. இந்தப் பக்கத்துல அது எங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். அண்ணைக்கு நான் புத்தியில்லாம உனக்கு அளவச் சொல்லிட்டேன். அத மறந்துபோடு.”

“ஓஹோ,” என்றாள் முத்துக்கனி. “அப்பிடியா சங்கதி!” போன் அணைந்தது.

அவள் ஒற்றைப் பல்தான் வாங்கினாள்.

தேவகனி போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தங்கை நன்றாக இருக்கட்டும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னாள். ஆனால் சொல்லும்போது வாய்க்கு அது பொய்போலவே இருக்கவில்லை. எங்ககிட்ட மட்டும் இருக்கட்டும் என்றபோது நெஞ்சு அதையே சொன்னது.

ஜூன் மழைக்கு முன்னால் வேலையை முடிக்கவேண்டும் என்று பகவதியப்பன் ராஜமணியையும் வரச்சொல்லிவிட்டார். சரிவின் மேல்பாதியில் ஞானையன், கீழ்ப்பாதியில் ராஜமணி. ராஜமணி மஸ்கட்டில் மலை உடைத்தவன். அவன் கை வேகம். “கொள்ளாம்டே, கொள்ளாம்,” என்று பகவதியப்பன் கீழே பார்த்துச் சொல்வது சோறு கொண்டுவந்த தேவகனியின் காதில் விழுந்தது. பழைய மிளகாய் நெஞ்சுக்குள் கொஞ்சம் கரித்தது. முன்போல் இல்லை. ஆனால் கரித்தது.

சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் இறங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ராஜமணி சோறு கொண்டுவந்திருக்கவில்லை. தேவகனி இரண்டு இலை போட்டாள். நெய்மீன் கறி. நடுத்துண்டை ஞானையனின் இலையில் வைத்தாள். வால் துண்டை ராஜமணியின் இலையில் வைத்தாள்.

“மைனி, எனக்கு வாலுதானா?” என்றான் ராஜமணி.

“நடுத்துண்டு வேணும்ணா நாளைக்கு உங்க வீட்டுக்காரிய சோறு கொண்டுவரச் சொல்லுங்க,” என்றாள் தேவகனி.

மறுநாள் உச்சிக்கு முத்துக்கனி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மரத்தடிக்குப் போய் மூட்டையை அவிழ்த்தாள். வாழை இலை நாலு வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவள் கொண்டுவந்த தூக்குப்பாத்திரம் தேவகனியின் பாத்திரத்தைவிட ஒரு மடங்கு பெரியது; அதில் நெய்மீன் முழுக்க நடுத்துண்டாகவே கிடந்தது.

“நீயும் இரி,” என்றாள். முதல் துண்டை அக்காவின் இலையில்தான் வைத்தாள்.